எந்த நாட்டுப் புகை பெரிய புகை?

(இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவர் ஒருவர்)



ஆண்டு மலருக்குப் படைப்புகள் வரவேற்கப்படுகின்றன என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியதும், நம்ம பசங்க பாதிப்பேர் கவிதை எழுத உட்கார்ந்துவிட்டார்கள். எனக்குக் கவிதை வராது. எனக்குக் கைவசம் இருந்தது, போன செமஸ்டர் செமினாரில் நான் வாங்கிய ஒரு குட்டுதான். அதையே கட்டுரையாக எழுதிக் கொடுத்துவிட்டேன். இதைப் படித்துவிட்டு நீங்களாவது அந்தக் குட்டிலிருந்து தப்பித்துக்கொள்ளுங்கள்.

நான் எடுத்த தலைப்பு: "புதர்க்காட்டுத் தீயினால் வெளியாகும் பசுமைக்குடில் வாயுக்கள் - இரு நாடுகள் ஓர் ஒப்பீடு". கேட்பதற்குப் பெரிதாக இருக்கிறதல்லவா? அதற்காகத்தான் எடுத்தேன். இரண்டு நாடு என்றதும், கிரிக்கெட் பார்க்கிற பழக்கத்தில் தென்னாப்பிரிக்காவும் இங்கிலாந்தும்தான் ஞாபகத்துக்கு வந்தன. இங்கிலாந்தோடு ஸ்காட்லாந்தையும் வேல்ஸையும் சேர்த்து பிரிட்டன் என்று வைத்துக்கொண்டேன். கிடைத்த புள்ளிவிவரத்தை வைத்துச் சார்ட்டில் இரண்டு கட்டம் வரைந்தேன். தென்னாப்பிரிக்காவின் கட்டம் உயரமாக நின்றது. பிரிட்டனின் கட்டம் பக்கத்தில் குட்டியாக இருந்தது. "ஆகவே புதர்த்தீயைப் பொறுத்தவரை தென்னாப்பிரிக்காதான் குற்றவாளி, பிரிட்டன் நல்ல பிள்ளை" என்று சொல்லி முடித்தேன். கைதட்டினார்கள்.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த தெர்மல் லேப் சார் கையைத் தூக்கினார்.

"ஏம்ப்பா, நம்ம காலேஜ் பஸ் மாசத்துக்கு எவ்வளவு டீசல் குடிக்குது, உன் மோட்டார் சைக்கிள் எவ்வளவு பெட்ரோல் குடிக்குதுன்னு ரெண்டு கட்டம் போட்டா, எது மோசமான வண்டின்னு சொல்லிடுவியா?"

"இல்ல சார்... எத்தனை கிலோமீட்டர் ஓடுச்சுன்னு பார்க்கணும், எத்தனை பேரை ஏத்திக்கிட்டுப் போச்சுன்னும் பார்க்கணும்."

"அதைத்தான் கேக்கறேன். உன் கட்டத்துக்குக் கீழே என்ன இருக்கு? எதுக்கு எவ்வளவு? இன்னொண்ணு, புகை மேலே போனதோட கணக்கு முடிஞ்சிடுச்சா? எரிஞ்ச இடத்துல அப்புறம் என்ன ஆச்சு?"

இரண்டு கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து மூன்று வாரம் லைப்ரரியிலும் கம்ப்யூட்டர் லேபிலும் உட்கார்ந்து பதில் தேடினேன். கிடைத்ததை இனி சொல்கிறேன்.

தூரத்து உறவு

தென்னாப்பிரிக்காவின் தென்மேற்கு மூலையில், கேப் டவுனைச் சுற்றியுள்ள மலைகளிலும் கடற்கரைச் சமவெளியிலும் வளரும் புதர்க்காட்டுக்கு 'ஃபைன்போஸ்' என்று பெயர். ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் 'மெல்லிய புதர்' என்று அர்த்தம். இலைகள் ஊசி மாதிரி, தோல் மாதிரி இருக்கும். கேப் பகுதியின் பரப்பு சுமார் 90,000 சதுர கிலோமீட்டர்தான், அதாவது நம் தமிழ்நாட்டை விடச் சிறியது. ஆனால் அங்கே சுமார் 9,000 வகைத் தாவரங்கள் உள்ளன. அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உலகில் வேறெங்கும் கிடையாது. 2004-ல் யுனெஸ்கோ அங்குள்ள பாதுகாக்கப்பட்ட பகுதிகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பிரிட்டனின் மேட்டு நிலங்களில், குறிப்பாக ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும், முழங்கால் உயரத்துக்கு 'ஹெதர்' என்ற புதர் மைல் கணக்கில் படர்ந்திருக்கும். ஆகஸ்ட் மாதம் மலையே ஊதா நிறமாகப் பூக்கும். இந்த ஹெதரும், ஃபைன்போஸில் 600 வகைக்கு மேல் இருக்கிற 'எரிகா' செடிகளும் ஒரே தாவரக் குடும்பம். கிரிக்கெட்டை நம்பி நாடு தேர்ந்தெடுத்த எனக்கு, இப்படி ஓர் உறவு அமைந்தது அதிர்ஷ்டம்தான்.

இரண்டு இடத்திலும் தீ புதிதல்ல. ஃபைன்போஸ் சுமார் 10 முதல் 20 ஆண்டுக்கு ஒருமுறை கோடைக் காற்றில் எரியும். பிரிட்டனில் மனிதர்களே எரிக்கிறார்கள். 'குரூஸ்' என்ற காட்டுக்கோழியை வேட்டைக்காக வளர்க்கும் பண்ணைகளில், கோழி தின்ன இளந்தளிர் வேண்டும், ஒளிந்துகொள்ள முதிர்ந்த புதரும் வேண்டும். அதனால் குளிர்காலத்தில் பட்டை பட்டையாக நெருப்பு வைப்பார்கள். இங்கிலாந்தின் மேட்டு நிலங்களில் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 15 வரைதான் இதற்குக் காலம். இது போக, கோடையில் தானாகவோ கவனக்குறைவாலோ பற்றும் காட்டுத்தீயும் உண்டு.

நாலு எண்ணின் பெருக்கல்

சரி, புகையை எப்படி அளக்கிறார்கள்? யாரும் தராசு வைத்து நிறுப்பதில்லை. ஐ.நா.வின் பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு 2006-ல் வெளியிட்ட வழிகாட்டி நூலில் ஒரு சூத்திரம் இருக்கிறது. நம்ம டிப்ளமோ கணக்கை விடச் சுலபம். நாலு எண்ணைப் பெருக்க வேண்டும், அவ்வளவுதான்:

எரிந்த பரப்பு × ஒரு ஹெக்டேரில் உள்ள எரிபொருள் × அதில் உண்மையில் எரியும் பங்கு × ஒரு கிலோ எரிந்தால் வரும் வாயு.

எரிபொருள் என்றால் டீசல் இல்லை. காய்ந்த எடையில் கணக்கிட்ட இலை, குச்சி, சருகு. அது முழுவதும் எரிவதில்லை. ஹெதரில் சராசரியாக நூற்றுக்கு 71 பங்கும், ஃபைன்போஸில் 61 பங்கும்தான் எரிகிறது. மீதி, கருகிய தண்டாக நிற்கும்.

இரண்டாவது எண்ணையும் மூன்றாவது எண்ணையும் சேர்த்தே அந்த நூலில் ஓர் அட்டவணை உண்டு. ஒரு ஹெக்டேரில் எரிந்து தீர்கிற அளவு ஃபைன்போஸுக்கு 12.9 டன், ஹெதருக்கு 11.5 டன். அமெரிக்காவின் வறண்ட பகுதியில் வளரும் 'சேஜ்பிரஷ்' புதருக்கு வெறும் 5.7 டன். பொதுவான புதர்க்காடு என்று எடுத்துக்கொண்டால் 26.7 டன். புதர் என்று ஒரே பெயரில் எல்லாவற்றையும் போட்டால் எவ்வளவு தப்பு வரும் என்று பாருங்கள். 5.7-க்கும் 26.7-க்கும் நாலு மடங்குக்கு மேல் வித்தியாசம்!

நாலாவது எண் வாயு. புல்வெளி, சவானா வகைத் தீக்கு அந்த நூல் தரும் கணக்கைத்தான் புதருக்கும் பயன்படுத்துகிறார்கள். ஒரு கிலோ காய்ந்த பொருள் எரிந்தால் கரியமில வாயு 1,613 கிராம், மீத்தேன் 2.3 கிராம், நைட்ரஸ் ஆக்சைடு 0.21 கிராம். ஒரு கிலோ எரிந்து ஒண்ணரை கிலோவுக்கு மேல் வாயு எப்படி வரும் என்று முதலாண்டு தம்பிகள் கேட்கலாம். காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்கிறது தம்பி. கார்பனின் எடை 12, கரியமில வாயுவின் எடை 44. பாய்லர் கணக்கில் நாம் போடுகிற அதே 44/12தான்.

ஒரு ஹெக்டேர் கணக்கு

இப்போது சாரின் முதல் கேள்விக்கு வருவோம். பரப்பை எடுத்துவிட்டு, இரண்டு நாட்டிலும் ஒரே ஒரு ஹெக்டேர், அதாவது சுமார் இரண்டரை ஏக்கர், எரிவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபைன்போஸ்: கரியமில வாயு 20.8 டன், மீத்தேன் 29.7 கிலோ, நைட்ரஸ் ஆக்சைடு 2.7 கிலோ.

ஹெதர்: கரியமில வாயு 18.5 டன், மீத்தேன் 26.5 கிலோ, நைட்ரஸ் ஆக்சைடு 2.4 கிலோ.

மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் அளவில் கொஞ்சம்தான். ஆனால் நூறு ஆண்டுக் கணக்கில் வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் ஒரு கிலோ மீத்தேன் 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 265 கிலோவுக்குச் சமம். அப்படி மாற்றிக் கூட்டினால் இந்த இரண்டு வாயுவும் சேர்ந்து ஃபைன்போஸில் சுமார் 1.55 டன், ஹெதரில் சுமார் 1.38 டன்.

கவனித்தீர்களா? வித்தியாசம் பத்து சதவீதத்தை ஒட்டித்தான் வருகிறது. என் சார்ட்டில் ஒரு கட்டம் ஆளுயரத்துக்கும் இன்னொன்று முழங்கால் உயரத்துக்கும் நின்றதே, அது புதரின் குணம் இல்லை, எரிந்த பரப்பு. தென்னாப்பிரிக்கா 12 லட்சம் சதுர கிலோமீட்டர் நாடு. பிரிட்டன் அதில் ஐந்தில் ஒரு பங்குதான். பஸ்ஸையும் மோட்டார் சைக்கிளையும் பக்கத்தில் நிறுத்தி டீசல் கணக்குக் கேட்ட கதைதான் நான் செய்தது.

போன புகை திரும்பி வருமா?

இரண்டாவது கேள்வி இதைவிட ஆழமானது.

ஹாஸ்டலில் மாசக் கடைசியில் ரூம்மேட்டிடம் கைமாத்து வாங்குகிறோம். வீட்டிலிருந்து பணம் வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். அது கடன்தான், ஆனால் யாரும் அழிந்துபோவதில்லை. ஊரில் இருக்கிற பரம்பரை நிலத்தை விற்றுச் செலவு செய்வது வேறு விஷயம். இரண்டிலும் கையில் புரள்வது அதே ரூபாய் நோட்டுதான்.

ஃபைன்போஸ் தீ கைமாத்து மாதிரி. எரிந்த புதர் மறுபடி வளரும்போது, விட்ட கரியமில வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டில் கணக்கு ஏறக்குறைய நேராகிவிடும். இந்த அனுமானத்தில்தான் ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம், சவானா, புதர், புல்வெளித் தீக்கான தன் புள்ளிவிவரத்தில் மீத்தேனையும் நைட்ரஸ் ஆக்சைடையும் மட்டும் காட்டுகிறது. கரியமில வாயுவைச் சேர்ப்பதில்லை.

சொல்லப்போனால் ஃபைன்போஸுக்குத் தீ வேண்டும். 'புரோட்டியா' என்ற செடி விதையை மரக்கட்டை மாதிரியான கூம்புக்குள் பல ஆண்டுகள் பூட்டி வைத்திருக்கும். தீ வந்து தாய்ச்செடி செத்த பிறகுதான் பூட்டுத் திறக்கும். சில விதைகளை எறும்புகள் மண்ணுக்கடியில் இழுத்துப் புதைத்து வைத்திருக்கும். இன்னும் சிலதுக்கு வெப்பம் கூடத் தேவையில்லை, புகை பட்டாலே முளைக்கும். இதை 1990-ல் தென்னாப்பிரிக்கத் தாவரவியலாளர்கள் கண்டறிந்தார்கள். அதற்குக் காரணமான வேதிப்பொருள் 2004-ல் அடையாளம் காணப்பட்டது. 'தீ அல்லி' என்று ஒரு பூ, தீ அணைந்த சில நாட்களிலேயே சாம்பலுக்கு நடுவே சிவப்பாக எழுந்து நிற்கும். என் சார்ட்டைப் பார்த்து ஒருவர், "உமிழ்வு அதிகம், தீயே கூடாது" என்று உத்தரவு போட்டால், சில தலைமுறையில் அந்தப் புதர்க்காடே முதிர்ந்து போய்விடும்.

அதற்காக எல்லாத் தீயும் நல்லது என்று அர்த்தமில்லை. அடிக்கடி எரிந்தால் செடி விதை பிடிக்க நேரம் கிடைக்காது. இன்னொரு ஆபத்து, வெளியூர் மரங்கள். 19-ஆம் நூற்றாண்டில் கேப் டவுன் பக்கத்து மணல்வெளியில் மணல் பறக்காமல் இருக்க ஆஸ்திரேலியாவிலிருந்து வேல மர இனங்களைக் கொண்டுவந்து நட்டார்கள். அவை பரவிப் புதர்க்காட்டை அமுக்கிவிட்டன. (நம் நீலகிரி, கொடைக்கானல் சோலைப் புல்வெளிகளை ஆக்கிரமித்த வாட்டில் மரமும் அதே ஆஸ்திரேலிய இனம்தான்.) மரம் நின்றால் ஒரு ஹெக்டேரில் எரிபொருள் கூடும். தீயின் வெப்பம் கூடும். மண்ணிலிருக்கிற விதையும் வெந்துபோகும். அப்புறம் கைமாத்தைத் திருப்பிக் கொடுக்க ஆளில்லை. 1995-ல் தொடங்கிய 'தண்ணீருக்காக உழைப்போம்' என்ற அரசுத் திட்டத்தில், வேலையில்லாத ஏழைகளுக்குக் கூலி கொடுத்து இந்த மரங்களை வெட்ட வைத்தார்கள். தண்ணீரைக் காப்பாற்றத்தான் அந்தத் திட்டம். தீயின் எரிபொருளைக் குறைப்பதும் அதோடு சேர்ந்து நடந்தது.

புதருக்குக் கீழே

பிரிட்டனுக்கு வருவோம். ஹெதரும் மறுபடி வளரும். அதுவும் கைமாத்துதானே என்று நீங்கள் கேட்கலாம். புதர் கைமாத்துதான். ஆனால் பல இடங்களில் அந்தப் புதருக்குக் கீழே பரம்பரைச் சொத்து இருக்கிறது.

அதன் பெயர் 'பீட்'. தண்ணீர் தேங்கிய குளிர்ந்த நிலத்தில் செத்த பாசியும் செடியும் மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்த கறுப்பு மண். நிலக்கரியாக மாறுவதற்கு முந்தைய நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். பிரிட்டனின் பீட் நிலங்களில் 300 கோடி டன் அளவுக்குக் கார்பன் தூங்குகிறது.

பீட் ஈரமாக இருக்கும்வரை பயமில்லை. குளிர்காலத்தில் மேலே ஹெதர் எரியும், கீழே மண் நனைந்தே இருக்கும். காய்ந்துவிட்டால்தான் வினை. அதைக் காய வைத்தது யார்? ஒன்று, 20-ஆம் நூற்றாண்டில் மேய்ச்சலுக்காக மேட்டு நிலங்களில் வெட்டிய வடிகால்கள். இன்னொன்று நம்ம துறையோடு சம்பந்தப்பட்டது. மான்செஸ்டர் பக்கத்து மலைகளில், தொழிற்புரட்சி காலத்து ஆலைகளின் நிலக்கரிப் புகையிலிருந்த கந்தகம், தண்ணீரைப் பிடித்து வைக்கும் பாசியையே கொன்றுவிட்டது. நாம் தெர்மல் இன்ஜினியரிங்கில் படிக்கிற பாய்லர்களின் புகைதான் அது.

2018 ஜூன் மாதம் மான்செஸ்டருக்குக் கிழக்கே சேடில்வொர்த் மூரில் தீப்பிடித்தது. தீயணைப்புப் படையால் முடியாமல் ராணுவ வீரர்களையும் அழைத்தார்கள். மேலே தண்ணீர் ஊற்றி அணைத்த இடத்தில், கீழே பீட் கனன்று, மறுபடி மறுபடி வெளியே வந்தது. 2019 மே மாதம் ஸ்காட்லாந்தின் வடகோடியில், 'ஃப்ளோ கன்ட்ரி' என்ற பெரிய பீட் பரப்பிலும் தீ பரவியது.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஒரு ஹெக்டேரில் பீட் வெறும் 10 சென்டிமீட்டர் ஆழம், அதாவது ஒரு சாண் கூட இல்லை, எரிவதாக வைத்துக்கொள்ளுங்கள். கன அளவு 1,000 கன மீட்டர். ஒரு கன மீட்டர் பீட்டில் காய்ந்த பொருள் தோராயமாக 100 கிலோ. ஆக 100 டன். அதில் பாதி கார்பன், 50 டன். 44/12-ஆல் பெருக்கினால் 183 டன் கரியமில வாயு!

மேலே ஹெதர் எரிந்து வந்தது எவ்வளவு? 18.5 டன். பத்து மடங்கு புகை காலுக்கடியில் இருந்திருக்கிறது. அதைத் திருப்பிக் கட்ட, ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம், நூறு ஆண்டு வேண்டும். அதுவும் அந்த நிலம் மறுபடி நனைந்திருந்தால்.

இன்னும் ஒன்று. லேபில் ஆர்சாட் கருவி வைத்துப் புகைவாயுவைச் சோதிக்கிறோமே, காற்று போதாவிட்டால் கார்பன் மோனாக்சைடு ஏறும் என்று ரெக்கார்டு நோட்டில் எழுதுகிறோமே, பீட்டிலும் அதேதான். ஜுவாலை இல்லாமல் கனன்று எரிவதால் அரைகுறை எரிப்பு. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் கார்பன் மோனாக்சைடும் மீத்தேனும் ஜுவாலைத் தீயை விட அதிகம்.

இந்தப் பீட் கணக்கு என் சார்ட்டில் இல்லவே இல்லை. ஏனென்றால் புள்ளிவிவரத்தில் புதர்த்தீ ஒரு தலைப்பு, கரிம மண் தீ இன்னொரு தலைப்பு. நான் ஒரு தலைப்பை மட்டும் பிரித்துப் பார்த்துவிட்டு, பிரிட்டனுக்கு நல்ல பிள்ளை என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டேன்.

கண்ணில் படாத தீ

சூத்திரத்தில் முதல் எண்ணான எரிந்த பரப்பையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. உலகளாவிய கணக்குக்கு டெர்ரா, அக்வா என்ற இரண்டு நாசா செயற்கைக்கோள்களின் படத்தைத்தான் பெரிதும் நம்பியிருந்தார்கள். அந்த எரிபரப்புப் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் சுமார் 500 மீட்டருக்கு 500 மீட்டர், அதாவது 25 ஹெக்டேர். கேப் மலையில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் எரிந்தால் பளிச்சென்று தெரியும். குரூஸ் பண்ணையில் 30 மீட்டர் அகலப் பட்டையாக அரை ஹெக்டேர் எரிந்தால்? அந்தப் புள்ளிக்குள் அது காணாமல் போய்விடும். ஸ்டீல் ரூலை வைத்து மைக்ரோமீட்டர் வேலை செய்யச் சொன்ன மாதிரிதான்.

அப்போ யார்தான் குற்றவாளி?

இப்போது என்னைக் கேட்டால், கேள்வியே தப்பு என்பேன். ஹெக்டேர் கணக்கில் இரண்டு புதரும் கிட்டத்தட்டச் சமம். செய்ய வேண்டிய வேலைதான் வேறு. தென்னாப்பிரிக்காவில் தீயை ஒழிப்பது வேலையில்லை. சரியான இடைவெளியில் எரிய விட்டு, வெளியூர் மரங்களை அகற்றி, ஊரைக் காப்பாற்றுவதுதான் வேலை. 2021 ஏப்ரலில் டேபிள் மலைச் சரிவில் பற்றிய தீ, கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் பழமையான ஜாகர் நூலகத்தையே எரித்தது என்பதால், அந்தக் கடைசி வேலை லேசானது இல்லை. பிரிட்டனில் முதல் வேலை பீட்டை நனைய வைப்பது. வடிகால்களை அடைத்து, பாசியை மறுபடி நடுகிறார்கள். இங்கிலாந்தில் 2021-ல், பாதுகாக்கப்பட்ட இடங்களில் 40 சென்டிமீட்டருக்கு மேல் ஆழமுள்ள பீட்டின் மீது உரிமம் இல்லாமல் எரிக்கக்கூடாது என்று விதி வந்தது. 2025-ல் அது இன்னும் கடுமையானது. குளிர்காலத்தில் கொஞ்சம் எரித்தால் கோடைத்தீ குறையும் என்கிறார்கள் பண்ணைக்காரர்கள். எரிப்பதே பீட்டைக் காய வைக்கிறது என்கிறார்கள் மறுதரப்பினர். அந்த வழக்கு இன்னும் ஓயவில்லை.

நண்பர்களே, நாளைக்கு நாமெல்லாம் வேலைக்குப் போய் ரிப்போர்ட் எழுதப் போகிறவர்கள். நாம் வரைகிற கட்டத்தைப் பார்த்து யாரோ ஒருவர் கையெழுத்துப் போடுவார். அதை வைத்து ஓர் இடத்துக்குப் பணம் போகும், இன்னோர் இடத்துக்குத் தடை வரும். அதனால் கட்டம் வரையும் முன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். எதுக்கு எவ்வளவு? போனது திரும்பி வருமா? கணக்கில் விட்டுப்போனது எது?

மூன்று வாரம் கழித்துப் புதுச் சார்ட்டை எடுத்துக்கொண்டு சாரிடம் போனேன். இந்த முறை ஹெக்டேருக்கு இரண்டு கட்டம், ஏறக்குறைய ஒரே உயரம். பிரிட்டன் கட்டத்துக்குக் கீழே, தரைக்கோட்டுக்கு அடியில், கறுப்பு ஸ்கெட்ச்சில் பத்து மடங்கு நீளத்துக்கு இன்னொரு கட்டம். சார்ட் பேப்பர் போதாமல் கீழே இன்னொரு தாளை ஒட்டியிருந்தேன். சார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மார்க் எல்லாம் போன வாரமே அனுப்பியாச்சுப்பா" என்றார். அப்புறம் அதை வாங்கி, தெர்மல் லேப் சுவரில், ஆர்சாட் கருவிக்கு மேலே ஒட்டிக்கொண்டார். இப்போதும் அங்கேதான் இருக்கிறது. லேபுக்குப் போகிறவர்கள் பாருங்கள், தப்பு இருந்தால் சொல்லுங்கள்.